ஆங்கிலம் தெரியாத அப்பாவுக்கு

என் பொன்னான அப்பா,

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் இன்றும் பனி. நீங்கள் கண்மூடி மூன்று நாளாகிறது. வெள்ளிக்கிழமை தகனம். அதற்கு முன் இறப்பைப் பதியச் சொல்லித் தேவாலய அலுவலகத்தில் ஒரு படிவம் தந்தார்கள். எந்தச் சமயத்தவரானாலும் இந்த நாட்டில் அங்கேதான் பதிய வேண்டுமாம். சைவப்பழமான உங்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வந்திருக்கும். எனக்குத்தான் ‘தொழில்’ என்ற கட்டத்தில் பேனா நகரவில்லை.

உங்களை அறியாதவர்களும் ஒருநாள் இதை வாசிக்கலாம், அதனால் சொல்கிறேன். வெள்ளைக்காரர் காலத்தில் மலாயாவில் இலங்கை அரசின் பிரதிநிதியாக இருந்தவர் நீங்கள். சுல்தான்களோடு மலாயிலும் துரைமாரோடு ஆங்கிலத்திலும் பேசி, எங்கள் ஆட்களின் வழக்குகளைத் தீர்த்து வைத்தீர்கள். விடுமுறை கிடைத்தால் காட்டுக்குள் போய்ப் பழைய கல்வெட்டுகளை மை தடவித் தாளில் படியெடுப்பீர்கள். அவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் நீங்கள் எழுதிய புத்தகத்தை லண்டனில் அச்சிட்டார்கள்.

அந்த மனிதரைத்தான் நான் ஊமையாக்கினேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டில், எழுபத்தாறு வயதில், ஊர்ச் சண்டைக்குத் தப்பி நீங்கள் என்னிடம் வந்து சேர்ந்தீர்கள். அப்போது அகதி விடுதியில் ஒரு கதை அடிபட்டது. அரசாங்கத்துக்கு வேலை செய்தவர்களை இங்கே ஏற்கமாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. எந்த அரசாங்கம், எந்தக் காலத்தில் என்று ஒருவரும் கேட்கவில்லை. படித்த நானும் கேட்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். விசாரணைக்குப் போகும் பஸ்ஸில் உங்கள் காதருகே சொன்னேன்.

“அப்பா, உங்களைத் தோட்டக் கூலி எண்டு சொல்லப்போறன். நீங்கள் இங்கிலிஷ் ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது, என்ன?”

“எவ்வளவு நாளைக்குப் பிள்ளை?”

“நான் சொல்லும்வரைக்கும்.”

அதிகாரி கேட்டார். அரைகுறை டேனிஷில் நான் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். வெளியே வந்ததும் ஏசுவீர்கள் என்று பயந்தேன். “மேசையிலை சொன்னதைப் பிறகு மாத்தினால் ஒருத்தனும் நம்பான். இனி இதுதான் எங்கடை சொல்” என்றீர்கள். தூதுபோன காலத்துப் பழக்கம் உங்களை விடவில்லை.

பிறகு எழுத்தறியாதவர்களுக்கான டேனிஷ் வகுப்பில் சேர்த்தார்கள். ஏ, பி என்று கோட்டுக்குள் எழுதினீர்கள். கொப்பியில் ஆசிரியை நட்சத்திரம் ஒட்டியிருந்தார். அதைக் காட்டிச் சிரித்தீர்களே, அது சிரிப்புத்தானா அப்பா? அனுமதி கிடைத்த பிறகாவது உங்களைப் பேசச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டேன். தையல் தொழிற்சாலை, பிள்ளைகள், சமையல் என்று சாட்டு மட்டும் நிறைய இருந்தது.

நெஞ்சுநோவென்று உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நான் வேலையில் நின்றேன். எங்கே நோகிறது, எப்போதிருந்து என்று டாக்டர் ஆங்கிலத்திலும் கேட்டுப் பார்த்தாராம். நீங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தீர்களாம். நான் ஓடி வந்தபோது உங்கள் கையில் இன்னும் சூடு இருந்தது. “பாவம், அவருக்கு விளங்கவில்லை” என்றார் தாதி.

விளங்கியது. ஒவ்வொரு சொல்லும் உங்களுக்கு விளங்கியது. நான் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தீர்கள். வாய்திறந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? டாக்டரிடம் இதைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

நேற்று உங்கள் மருமகன் படிவத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உள்ளதை எழுதினால், பொய் சொன்னதெண்டு எங்களையும் அனுப்பிப்போடுவாங்கள். கூலி எண்டே போடும். போனவருக்கு என்ன தெரியப்போகுது?”

அவர் பயம் எனக்கும் உண்டு. கூலிவேலை இழிவும் அல்ல, நானே இங்கே கூலிதான். ஆனால் அது நீங்கள் வாழ்ந்த வாழ்க்கை அல்லவே.

நாளைக் காலை உங்கள் நியமனக் கடிதத்தையும் புத்தகத்தையும் எடுத்துப் போகிறேன். அரசுப் பிரதிநிதி, கல்வெட்டு ஆய்வாளர் என்று எழுதுவேன். முன்னர் பொய் சொன்னது அப்பா அல்ல, நான் என்றும் சொல்வேன். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். வெள்ளிக்கிழமை நெருப்புக்குள் போகிறவர் யாரென்று இந்த நாட்டில் ஒரு தாளாவது சொல்ல வேண்டும்.

உங்களைப் பேசவிடாத,
உங்கள் ஒரே மகள்