முதுகுத் துணி

ஏப்ரல் 28, ஞாயிறு

சன்னல் திரையை இழுத்துவிட்டு, கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் இன்றும் என் மகள் வெசியை முதுகில் கட்டினேன். பிறந்து ஐம்பத்து மூன்று நாள். பாயில் போட்டால் முழிப்பு, கட்டிலில் போட்டால் அலறல். முதுகில் ஏறினால் நாலு எட்டு வைப்பதற்குள் தூக்கம்.

இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? எங்கள் சோம்பா ஊரில் எந்தப் பிள்ளைதான் முதுகில் தூங்கவில்லை? மற்றவர்களுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிறது. அந்தப் பாட்டைக் கட்டியவள் நான்.

வியாழன்தோறும் பிள்ளைகளை எடை போட வரும் தாய்மாருக்கு நாங்கள் நர்சுகள் பாட்டுச் சொல்லித் தருவது வழக்கம். கை கழுவ ஒன்று, கொசுவலைக்கு ஒன்று. பயிற்சிக்குப் போய்வந்த தலைக்கனத்தில், பிள்ளைத் தூக்கத்துக்கு நானாக ஒன்று கட்டினேன்.

முதுகு என்ன கட்டிலா அம்மா,
மூட்டை கட்டித் திரியாதே;
நேரம் பார்த்துப் பாயில் போடு,
நீயும் கொஞ்சம் தூங்கலாமே.

ஊர் முழுக்கப் பாடுகிறது. நான் கட்டிய துணியை ஒவ்வொரு தடவையும் மருந்துத் தண்ணீரில் அலசி உள்ளறையில் காயப்போடுகிறேன். வெளிக்கொடியில் போட்டால் எண்ணிவிடுவார்கள்.

ஏப்ரல் 30

பாயில் தூங்கியது: பதினோரு நிமிடம்.

மே 3, வெள்ளி

என் வீட்டுக்காரர் லுசாயோ, பள்ளிக்கூட வேலை முடிந்து வந்தவர், தாழிட்ட கதவுக்கு வெளியே நின்று சிரித்தார். “உன் பாட்டை நீயே பாடிப் பாரேன். மத்தவங்க பிள்ளைங்கதான் கேக்கல, உன் பிள்ளையாவது கேக்குதான்னு பாப்போம்.” ன்சிமாக் களித் தட்டை அவர் முன்னால் சத்தம் வர வைத்தேன். பாவம், அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

சிரிப்பு என்றாலே எனக்கு எஸ்னாத் ஞாபகம் வந்துவிடுகிறது. தெருமுனையில் மண்டாசிப் பணியாரம் சுட்டு விற்பவள். விடுப்பில் போவதற்கு முந்தின வியாழன், பிள்ளை எங்கே தூங்குகிறான் என்று கேட்டேன். “முதுகுலதான் சிஸ்டர்.” எழுந்து நில் என்றேன். எட்டு மாதப் பிள்ளையை எல்லாருக்கும் நடுவில் பாயில் போடச் சொன்னேன். அவன் கத்தக் கத்த, எழுபது பெண்களை வைத்து என் பாட்டைப் பாட வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு பிள்ளையைக் கட்டிக்கொண்டு, எடை போடாமலே போய்விட்டாள். அப்போது எனக்கு வயிறு நிறைய வெசி, மனசு நிறையத் திமிர்.

மே 7, செவ்வாய்

இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டே பொய்.

போனில் படித்தேன். பால் கொடு, கட்டிலில் போடு, கதவைச் சாத்து, இருபது நிமிடம் உள்ளே போகாதே. மத்தியானம் இரண்டு மணிக்குச் சாத்தினேன். மருத்துவமனைக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. ஏன் எழுந்திருக்கலை? என் பிள்ளைதானே? எழுந்தா தோத்துப்போவேன்னு உட்காந்திருந்தேன். யார்கிட்ட தோக்குறது — ஏழு கிலோ கூட இல்லாத ஒரு உசிருகிட்ட.

இந்த வரிசை வீடுகளில் ஒரு பிள்ளை அவ்வளவு நேரம் எடுப்பாரில்லாமல் அழுதால், உள்ளே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். எஸ்னாத் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். முன்கதவு வழியாக நுழைந்து, வெசியை அள்ளிக்கொண்டு, என்னைத் தேடிப் பின்வாசலுக்கு வந்தாள். முதுகில் அவள் பிள்ளை, நெஞ்சில் என் பிள்ளை, கை முழுக்க மாவு.

“மயக்கம் போட்டு விழுந்துட்டீங்களோன்னு நெனைச்சேன் சிஸ்டர்” என்றாள். அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இடுப்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். “குனிங்க.” குனிந்தேன். வெசியை என் முதுகில் போட்டு, எண்ணெய் வாசனை அடிக்கும் அந்தத் துணியால் இறுக்கிக் கட்டினாள். நான் நிமிர்வதற்குள் அழுகை நின்றுவிட்டது.

“நான் ஒன்னும் பாக்கல சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

மே 8

துணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பையனுக்குப் பதினொரு மாதம். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போட்டாச்சா என்று கேட்டேன்.

“இல்ல.”

“ஏன்?”

“அன்னிக்கு எழுந்து நின்னேன்ல. அந்த எடத்துக்கு மறுபடி எப்படி சிஸ்டர் வர்றது? இங்க மண்டாசி வாங்க வர்றவளுங்ககூட அதைப் பாடிட்டுத்தான் காசு குடுக்குறாளுங்க.”

ஏரிப் பக்கம் தட்டம்மை கண்டிருக்கிறது. அதைச் சொன்னேன். வா என்றேன். “பாக்கலாம்” என்றாள். அந்தப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. துணியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 21, செவ்வாய்

மூன்று நாளாகச் சிப்பெரோனி என்கிற குளிர்காலத் தூறல், பல் கிட்டும் குளிர். அலசிய துணி எல்லாம் உள்ளறையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருந்தது நேற்றுக் கட்டிய அழுக்குத் துணி ஒன்றுதான், பாலும் வேர்வையுமாக. வேறு வழியில்லாமல் அதையே கட்டினேன். இடுப்பு விட்டுப்போனபோது கட்டிலோரம் சாய்ந்து, முடிச்சை மட்டும் தளர்த்தி, துணியோடு சேர்த்தே அவளை இறக்கினேன். ஒரு தடவை நெளிந்தாள். துணியில் கன்னத்தைத் தேய்த்தாள். தூங்கிவிட்டாள்.

ஒரு மணி பத்து நிமிடம். மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

அப்படியானால் இத்தனை நாளும் அவளுக்கு வேண்டிய வாசனையைத்தான், வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத் துவைத்துப் போக்கிக்கொண்டிருந்தேனா?

மே 27

குளித்ததும் கட்டுகிறேன். கதவைத் திறந்து வைத்து, முற்றத்தைக் கூட்டுகிறேன். தலை என் முதுகில் கனத்ததும் இறக்குகிறேன். துணியின் நாலு ஓரத்தையும் மெத்தைக்கு அடியில் செருகிவிடுகிறேன், முகத்துக்குப் பக்கத்தில் எதுவும் வராதபடி. சில நாள் சரியாக வருகிறது, சில நாள் இல்லை. கடிகாரம் பெட்டிக்குள் இருக்கிறது. துணி வெளிக்கொடியில் காய்கிறது.

ஜூன் 6, வியாழன்

விடுப்பு முடிந்தது. வெள்ளைச் சீருடைக்கு மேல் வெசியைக் கட்டிக்கொண்டு போனேன். நான் வந்ததும் வழக்கம்போலத் தாய்மார் பாட்டை எடுத்தார்கள். முதுகு என்ன கட்டிலா என்ற இடத்தில் திரும்பி நின்றேன்.

“இதைக் கட்டினவ நான்தான். என் பிள்ளை எங்க தூங்குதுன்னு எல்லாரும் பாத்துக்குங்க.”

பின்னாலிருந்து ஒரு குரல். “அப்ப பாயில போட்டுக் காட்டுங்க சிஸ்டர்.” நியாயம்தானே. போட்டேன். வெசி அலறினாள். எழுபது பேரும் சிரித்துச் சிரித்து முழுப்பாட்டையும் பாடினார்கள். முடியும்வரை நின்றேன். காது பற்றி எரிந்தது. முடிந்ததும் தூக்கிக் கட்டிக்கொண்டு, இனி இந்தப் பாட்டு வேண்டாம் என்றேன்.

எஸ்னாத் வரவில்லை.

ஜூன் 13

இன்றும் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது அவளிடம் நாலு மண்டாசி வாங்கினேன்.

“அன்னிக்கு உன்னை நிக்க வச்சது தப்பு, எஸ்னாத். எம்மேலதான் தப்பு.”

எண்ணெயில் மண்டாசியைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். “கேள்விப்பட்டேன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “வெசி ரொம்ப அழுதாளாமே.”

அவ்வளவுதான்.

ஜூன் 20, வியாழன்

வந்தாள். வரிசையில் கடைசி ஆளாக நின்றாள். பையன் முதுகில் நல்ல தூக்கம்.

வருஷக்கணக்காக நான் முதலில் சொல்வது, “அவுத்து எறக்கு.” அவளும் அதற்குத்தான் முடிச்சில் கை வைத்தாள். இருக்கட்டும் என்றேன். துணிக்குள்ளிருந்து அவன் இடது கையை மட்டும் வெளியே எடுத்து ஊசியைப் போட்டேன். ஒரே ஒரு தடவை கத்தினான். அம்மா முதுகில் முகத்தை அமுக்கிக்கொண்டு மறுபடி தூங்கிப்போனான்.

அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தேன். எடையை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

“வர்றேன்” என்றாள். பாக்கலாம் என்று சொல்லவில்லை.