மூன்றாவது மிடறு

மச்சான்,

இன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு வந்தபோது என் மனைவி முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். முதன்முதலில் ரூட் பியர் குடித்த அன்று, "இது குடிக்கிறதா, கால்ல பூசுறதா?" என்று கேட்டாயே, அதே வாசனை.

கத்தாரிலிருந்து வந்த என் மைத்துனன் தந்த டின் அது. பெயரில் பியர் என்றிருந்ததால் உன் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேர் வாசனை போட்ட வெறும் சோடாதான் என்று தெரிந்த பிறகே கிளாஸ் தந்தாள். நீ பத்துக்கு நாலு மார்க் போட்டாய். ஆனாலும் அந்தச் சனியன் உன்னை விடவில்லை. கல்முனையில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையெல்லாம் ஏறி இறங்கினோம். யார் கத்தாரிலிருந்து வந்தாலும் மற்றவர்கள் சென்ட் கேட்பார்கள், நாம் ரூட் பியர் கேட்டோம். இடையில் நம் ஊர் நன்னாரி சர்பத்தும் போட்டிக்கு வரும். அப்போது நீ வெட்கமில்லாமல் கட்சி மாறிவிடுவாய்.

சட்டம் உன்னுடையது. உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, நபிகள் காட்டித்தந்த சுன்னத்தான முறையில் மூன்று மிடறாகக் குடிக்க வேண்டும். முதலாவது வாசனைக்கு, அடுத்தது பொங்குகிற காஸுக்கு, கடைசி தொண்டையில் தங்குவதற்கு. அது முடியாமல் யாரும் மார்க் சொல்லக் கூடாது. "மூணாவதுலதான் மச்சான் சாமான் உண்மையக் கதைக்கும்" என்பாய்.

பிறகு உன் கிட்னி பழுதாகியது. நாள் முழுவதற்கும் அரைப் போத்தல் தண்ணீர்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இனி இந்த விளையாட்டு வேண்டாமென்று நான் வெறுங்கையோடு வந்தேன். நீ முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"ஒரு முடறு என்ட தண்ணிக் கணக்குல கழிச்சிக்கிறன். மத்த ரெண்டையும் நீ குடிச்சிச் சொல்லு."

அப்படியே நடந்தது. உன் மிடறை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்காமல் இருப்பாய். பிறகு கிளாஸ் என்னிடம் வரும். வெடித்த உதட்டோடு என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாய். எனக்கு வெட்கமாக இருக்கும்.

"ம், மூணாவது. என்ன மாதிரி இரிக்கி?"

எட்டு என்பேன்.

"பொய் சொல்றாய். மூஞ்சி ஆறுதான் சொல்லுது."

கடைசி டின்னில் நீ உன் மிடறைக் குடித்தாய். நான் இரண்டாவதைக் குடித்தேன். அடுத்ததற்கு முன் உனக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். வீடு திரும்பியது உன் மையித்துதான்.

உனக்காக நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே துக்கம் காத்த இத்தா முடிந்த பிறகு உன் மனைவி சொன்னாள்: "காக்கா, நீங்க வந்திட்டுப் போற நாள்ல அவர் பிறகு தண்ணியே கேக்கமாட்டார்." அண்ணன் முறையில் என்னை நினைத்து, ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கோ நித்திரை போய்விட்டது. மனம் நிறைந்துதான் கேட்காமல் இருந்தாயா? இல்லை, நான் குடிப்பதைப் பார்த்துப் பார்த்துத் தாகத்தை அடக்கிக்கொண்டு கிடந்தாயா? உன்னிடமே கேட்டிருக்கலாம். கேட்கப் பயம்.

மைத்துனன் இப்போதும் வரும்போதெல்லாம் டின் கொண்டுவருகிறான். அதை விடு, வெறும் தண்ணீர் குடித்தாலும் இரண்டு மிடறு ஒழுங்காக இறங்குகிறது. மூன்றாவதை வாய்க்குக் கொண்டுபோகும்போது நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய். அந்தக் கடைசி டின்னுக்கு நான் இன்னும் மார்க் போடவில்லை, மச்சான்.