கயிறு திரும்பி வரும்வரை

அத்தை,

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதிர்வீட்டு ராவுத்தர் தன் கிணற்றில் தூர் வாருகிறார். கூடை கூடையாகக் கறுத்த சேறு மேலே வந்து தெருவோரம் குவிகிறது. வெயில் ஏற ஏற அந்த வாடை ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. பழைய தண்ணீரும் மட்கிய இலையும் ஈரக் கல்லும் கலந்த வாடை. எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலைச் சாத்தினேன், மூச்சு முட்டுவதுபோல் இருக்கவே மறுபடி திறந்தேன். உங்கள் மகள் பாக்கியம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "லீவு போட்டுட்டு இப்படி நடையா நடக்குறதுக்கு ஆபீசுக்கே போயிருக்கலாம்ல" என்றாள். பத்திரிகைக்கு எழுத வேண்டியதை ஒதுக்கிவைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

நீங்கள் எங்களோடு வந்து தங்கிய அந்த மழைக்காலத்திலிருந்து தொடங்குகிறேன். பாக்கியத்துக்குப் பிரசவம் ஆகியிருந்தது. சேவுகம்பட்டித் தோட்டத்தைப் பங்காளி ஒருவரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, கத்தரிக்காய் மூட்டையும் பிரசவ மருந்துமாக நீங்கள் திண்டுக்கல் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். நான் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. மாலையில் வீடு திரும்பியதும் மாயாஜாலத் தொடர்கதை எழுதுகிறவன். 'ஒன்பதாம் கிணறு' அப்போதுதான் ஒரு வாரப் பத்திரிகையில் வரத் தொடங்கியிருந்தது. மாராயி என்ற கிழவி, நாக ராஜ்யத்தில் அகப்பட்டுக்கொண்ட தன் புருஷனை மீட்க ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் ஒன்பது கிணறுகளில் இறங்குகிறாள். அதுதான் கதை.

மருமகன் முன்னால் நீங்கள் வந்து நின்றதில்லை. அடுப்படி நிலைக்கு அந்தப் பக்கம், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். பாக்கியம் பத்திரிகையை விரித்து உரக்கப் படிப்பாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவளிடம்தான் சொல்வீர்கள். அப்படித்தான் ஒரு நாள் கேட்டது: "ஏத்தா, அம்புட்டு ஆழம் இறங்குறாளே, அவளுக்கு முட்டி வலிக்காதாமா? உங்க வீட்டுக்காரரைக் கேளு." நான் சிரித்துக்கொண்டேன். எனக்கும் உங்களுக்கும் தெரிந்த ஒன்றை நாம் இருவருமே தெரியாததுபோல் வைத்திருந்தோம்.

அந்தக் கதை உங்களுடையது. கல்யாணமான புதிதில் பாக்கியம் எனக்குச் சொன்னாள். அவளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது மாமா தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்த இறங்கியிருக்கிறார். பக்கச்சுவர் சரிந்து விழுந்தது. மேலே நின்ற ஆண்கள், மிச்சச் சுவரும் எந்நேரமும் சரியும் என்று தயங்கினார்கள். நீங்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வடக்கயிற்றைப் பிடித்து இறங்கினீர்கள். கைகளால் மண்ணை விலக்கி, அவரைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினீர்கள். உயிர் அதற்கு முன்பே போயிருந்தது. ஊர்ப் பெண்கள் சொல்லித்தான் இவ்வளவும் பாக்கியத்துக்குத் தெரியும். நீங்களாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாக ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. எடுத்துக்கொண்டேன்.

கேள்விகள் வரத் தொடங்கின. தபால்காரர் கார்டுகளைக் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போவார். பத்திரிகையில் எனக்கென்று அரைப்பக்கம் ஒதுக்கி, வாசகர்களுக்குப் பதில் எழுதச் சொல்லியிருந்தார்கள். எல்லாக் கேள்வியும் கிழவியைப் பற்றித்தான். 'அறுபது வயதில் கயிறு பிடித்து இறங்க முடியுமா?' என்று பழனியிலிருந்து ஒரு மாணவர். 'கிழவியை வீட்டில் உட்காரவைத்துவிட்டு அவள் மகனை அனுப்பக் கூடாதா?' என்று ஒருவர். 'மாராயி சாபம் பெற்ற இளவரசிதானே, உண்மையைச் சொல்லுங்கள்' என்று பலர். நான் சாமர்த்தியமாகப் பதில் எழுதினேன். அவள் மூலிகை தின்றவள் என்றேன். பாதாளத்தில் முட்டி வலி கிடையாது என்றேன். பாக்கியம் அதையும் உங்களுக்குப் படித்துக் காட்டினாள்.

ஏன் அவளைக் கிழவியாக்கினேன் என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். கிணற்றில் இறங்கியபோது உங்களுக்கு இருபத்தைந்து வயதுகூட இல்லை. எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது ஐம்பதைத் தொடவில்லை. எனக்கு வயது இருபத்தேழு. மாமியார் என்றால் கிழவிதானே என்று அந்த வயதில் ஒரு நினைப்பு. உங்கள் தலையில் எத்தனை கறுப்பு முடி இருந்தது என்று நான் பார்த்ததேயில்லை.

வத்தலக்குண்டு வாசகசாலை ஆண்டுவிழாவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். 'ஊர்ப்பக்கம்தானே, அம்மாவும் வரட்டும்' என்று பாக்கியம் உங்களையும் அழைத்துவந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் கூட்டம். கீழே கொடைக்கானல் வண்டிகள் உறுமிக்கொண்டே இருந்தன. பெண்கள் வரிசையில் கடைசியாக, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள். கேள்வி நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"சார், அந்தப் பாட்டிய நீங்க எங்க பாத்தீங்க? எங்கயோ பாத்த மாதிரித்தான் எழுதுறீங்க."

"எங்கேயும் பார்க்கவில்லையம்மா. முழுக்க முழுக்கக் கற்பனை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, கைதட்டல் வேண்டியிருந்தது. "அப்படி ஒரு கிழவி எங்கள் வீட்டில் இருந்தால், முதலில் அவளைக் கிணற்றில் இறக்கிவிட்டுத்தான் நான் பேனாவையே எடுப்பேன்" என்றேன்.

மாடி அதிரச் சிரித்தார்கள். நான் உங்கள் பக்கம் பார்த்தேன். நீங்கள் குழந்தையின் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். போட்ட பித்தானையே கழற்றி மறுபடி போட்டீர்கள். பாக்கியம் என்னை முறைத்துப் பார்த்தாள்.

மறுநாள் மாலை நான் ஆபீசிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் நிலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றீர்கள். கல்யாணமான நாலு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"மாப்பிள்ளை, கூட்டத்துல எல்லாரும் கேட்டாக. நானும் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அத்தை."

"அந்தக் கிழவி புருசனைக் கட்டி மேல தூக்கும்போது கயிறு எப்படி இருக்கும்? கனமா இருக்குமா, லேசா இருக்குமா?"

துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். துடைப்பது போல் வெகுநேரம் நின்றேன். பிறகு, ஊரில் இருக்கும் எல்லா வாசகர்களுக்கும் எழுதுவதையே உங்களுக்கும் சொன்னேன்: "ரெண்டு வாரத்துல தெரிஞ்சிரும் அத்தை." நீங்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போனீர்கள்.

கடைசி அத்தியாயம் எழுத வேண்டிய வாரம் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. வாசகர்கள் துக்கத்தைத் தாங்க மாட்டார்கள், கிழவியின் சாபம் தீர்ந்து அவள் குமரியாக வேண்டும், புருஷன் கண் விழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. உங்கள் கேள்விக்குப் பதில் தேட வேண்டியதில்லை. ஒன்பதாம் கிணற்றிலிருந்து மேலே வரும்போது மாராயியின் நரை மறைகிறது, சுருக்கம் மறைகிறது, கரையில் கால் வைக்கும்போது அவள் இருபது வயதுப் பெண். தோளில் கிடந்த புருஷன் கண் திறந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான்.

பாக்கியத்தால் அதைப் படித்து முடிக்க முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டாள். மீதியை நீங்களே, "ம், படி ஆத்தா" என்று சொல்லிப் படிக்கவைத்தீர்கள். முடிந்ததும், "நல்லாத்தான் முடிச்சிருக்காரு. எல்லாருக்கும் நல்லது" என்றீர்கள். மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். "கத்தரி பூத்திருக்கும். போறேன்" என்றீர்கள். போயிட்டு வாரேன் என்றுதான் எப்போதும் சொல்வீர்கள்.

பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. படிக்கப் படிக்க எனக்கு உடம்பு எரிந்தது. அடுத்த தொடருக்கு ஒரு வரி ஓடவில்லை. பார்சல் ஆபீசில் முகவரி மாற்றி மாற்றி ஒட்டி வசவு வாங்கினேன். அந்தச் சமயத்தில் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. நடுங்கும் எழுத்து. 'ஏனுங்க, அந்தக் கிழவியைக் குமரி ஆக்கிப் போட்டீங்களே. என்ற சம்சாரம் கிழவியாத்தானுங்க போய்ச் சேர்ந்தா. அவளாட்டம் ஒருத்தி கதையில வாறாளேன்னு வாராவாரம் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டிருந்தேன். இப்ப அவளையும் எடுத்துட்டீங்க. கேள்வி ஒண்ணும் இல்லீங்க.' அந்தக் கார்டை நான் மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டுக்கு வந்து, அங்கிருந்து நடந்தே சேவுகம்பட்டிக்கு வந்தேன்.

நீங்கள் தோட்டத்தில் தண்ணீர் மடை மாற்றிக்கொண்டிருந்தீர்கள். கிணற்றில் பம்புசெட்டு ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் பதறி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பாக்கியத்துக்கு ஒண்ணும் இல்லையே?" என்றீர்கள்.

"இல்லை அத்தை. நான்தான் வந்தேன். உங்க கதையை உங்களைக் கேக்காம எடுத்துட்டேன். கூட்டத்துல பொய்யும் சொன்னேன். அசிங்கமாப் பேசினேன்."

நீங்கள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்தப் போனீர்கள். சத்தம் அடங்கியதும் கிணற்றுமேட்டில் உட்கார்ந்தீர்கள். என்னைப் பார்க்காமல், எதிரே கத்தரிப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு பேசினீர்கள்.

"எடுத்தா எடுத்துட்டுப் போறீக. கிணத்துக்குள்ள கிடந்ததுதான, வெளிய வரட்டும்னு இருந்தேன். சிரிச்சாகளே, அதுகூட ரெண்டு நாள்ல போயிருச்சு."

"கயிறைப் பத்திக் கேட்டீங்களே அத்தை. எனக்குப் பதில் தெரியல."

"கயிறு என் கையிலயே இல்ல மாப்பிள்ளை. அவரைக் கட்டி அனுப்பிட்டேன். மேல நாலு பேரு இழுத்தாக. நான் கீழதான் நின்னேன். அவுத்துட்டு எனக்குக் கயிறு போடணும்ல, அதுவரைக்கும் செத்த நேரம். ஊர்ல எல்லாரும் இறங்குனதைச் சொல்லுறாக. அந்தச் செத்த நேரத்தை ஒருத்தரும் கேட்டதில்ல. உங்க கிழவியாச்சும் சொல்லுவாளான்னு பாத்தேன். நீங்க அவளைப் புருசனோட சேத்து மேல ஏத்திட்டீக."

வெயில் சுள்ளென்று இருந்தது. எனக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. "அந்த நேரத்துல என்ன நெனச்சீங்க அத்தை?" என்று கேட்டேன். அது எழுத்தாளன் கேட்ட கேள்வியா, மருமகன் கேட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீங்கள் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தீர்கள். "கீழ நின்னதை வேணும்னா எழுதிக்கங்க. நெனச்சதைச் சொல்லுறேன். அதை எழுதிராதீக. பாக்கியத்துக்கும் சொல்ல வேணாம்."

பிறகு சொன்னீர்கள். நாலைந்து வாக்கியம்தான். சொல்லி முடித்து எழுந்து, "உள்ள வாங்க, சோத்துக்கு வெஞ்சனம் ஒண்ணும் இல்ல, கத்தரிக்காயைச் சுட்டுத் தாரேன்" என்றீர்கள்.

'ஒன்பதாம் கிணறு' புத்தகமாக வந்தபோது முடிவை மாற்றினேன். ஆசிரியர் கடிந்துகொண்டார். மாராயி கிழவியாகவே இருக்கிறாள். புருஷனின் உடலைக் கட்டி மேலே அனுப்பிவிட்டு, கயிறு திரும்பி வரும்வரை இருட்டில் தனியாக நிற்கிறாள். கடைசி அத்தியாயம் முழுக்க அவ்வளவுதான். பாக்கியம் சேவுகம்பட்டிக்கு வந்து உங்களுக்கு அதைப் படித்துக் காட்டினாள். "என்ன சொன்னாங்க?" என்று அவள் திரும்பிவந்ததும் வாசலிலேயே மறித்துக் கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. இன்னொருக்கா படின்னாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நீங்கள் வீட்டுக்கு வந்தால் நிலைக்கு இந்தப் பக்கமும் உட்காரத் தொடங்கினீர்கள். அதிகம் பேசிக்கொண்டோம் என்று சொல்ல முடியாது. பஸ் நெரிசல், குழந்தையின் பல், தக்காளிக்குப் பூச்சி. எனக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு உங்களுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. நாலு நாளில் எல்லாம் முடிந்தது.

போன மாதம் காந்திகிராமத்தில் ஒரு கூட்டம். மாராயி யார் என்று ஒரு பையன் கேட்டான். "என் மாமியார்" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். சிரித்து அடங்கும்வரை பேசாமல் நின்றேன். அடங்கியதும் மாமாவின் கிணற்றைப் பற்றியும், நீங்கள் இறங்கியதைப் பற்றியும், வத்தலக்குண்டில் நான் பேசிய பேச்சைப் பற்றியும் சொன்னேன். சொன்ன பிறகும் நிம்மதி வந்துவிடவில்லை.

ஏனென்றால் அத்தை, புத்தகம் படித்தவர்கள் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கீழே நின்றபோது கிழவி என்ன நினைத்தாள்? ஏன் அதை எழுதாமல் விட்டீர்கள்? உங்களுக்கே தெரியாதா? வாரத்துக்கு ஒரு கார்டாவது அப்படி வருகிறது. பாக்கியமும் ஒரு நாள் கேட்டாள், தன் அம்மா என்ன நினைத்தாள் என்று. நீங்கள் சொன்ன அந்த வாக்கியங்கள் எனக்கு எழுத்துத் தவறாமல் நினைவிருக்கின்றன. பேனாவை எடுக்கும்போதெல்லாம் அவை நுனிக்கு வந்து நிற்கின்றன. நான் எழுதிய எதையும்விட அவை நல்ல வாக்கியங்கள். அதனால்தான் இப்படி எழுந்து எழுந்து நடக்கிறேன்.

தெரியும், சொல்வதற்கில்லை என்று வாசகர்களுக்குப் பதில் போடுகிறேன். பாக்கியத்துக்கும் அதையே சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. உங்களுக்கே எழுதும் இந்தக் கடிதத்திலும் அவற்றை எழுதவில்லை. நான் போன பிறகு இதை யார் எடுத்துப் படிப்பார்களோ.