எலும்பு சொன்ன வயது

ஜூன் 3, செவ்வாய்

கடையில் புதுச் சரக்கு. நாளெல்லாம் முட்டி போட்டு ஊர்க் கால்களுக்கெல்லாம் செருப்பு மாட்டிவிட்டு வந்தால், என் ஒட்டடைக்குச்சி மகளுக்கு ஷூ பத்தவில்லையாம். பதிமூன்று வயதிலேயே என்னைத் தாண்டிவிட்டாள். உயரம் தாண்டும் போட்டிக்குத் தேர்வானவர்களுக்கு வயதுப் பரிசோதனையாம். இன்று இடது கையை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். "வலிக்கவே இல்லம்மா. ஆனா மிச்ச எல்லாரும் ஃபுட்பால் பசங்க" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

போட்டிக் குழுச் செயலாளர் வரச் சொல்லியிருந்தார். உட்காரக்கூடச் சொல்லவில்லை. இவள் எலும்புக்குப் பதினைந்து வயதாம். பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் இடம் கிடையாது. ஏமாற்றியதற்கு இரண்டு வருடத் தடை வேறு. பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். "பேப்பர யாரு வேணா வாங்கலாம்மா. எலும்பு பொய் சொல்லாது" என்றார். அப்போ நான் சொல்றேனா பொய்? பெத்தது நானா, அந்த எக்ஸ்ரே மெஷினா?

வாசலில் நின்றிருந்தவளுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. வரும் வழியெல்லாம் இடது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டபடியே வந்தாள்.

ஜூன் 10

இவர் மெதுவாகக் கேட்கிறார்: "ஸ்கூல்ல சேக்கறப்போ தேதி ஏதாச்சும் மாத்திக் குடுத்தியா?"

கட்டின புருஷன் கேட்கிற கேள்வியா இது? பிரசவ அறை வாசலில் பெஞ்சில் படுத்துக் குறட்டை விட்டவர்தானே! தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பேசவில்லை.

ஜூன் 11

இன்றும் பேசவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அடம்பிடித்துப் படத்தையும் அறிக்கையையும் வாங்கிக்கொண்டு எலும்பு டாக்டரம்மாவிடம் போனோம், நானும் அவளும். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். ஒரு கைக்குள் இத்தனை துண்டா! விரல் எலும்புகளின் அடியில் மெல்லிய கறுப்புக் கோடுகள். "ஒடஞ்சிருக்கா?" என்று பதறினேன்.

சிரித்தார். "இல்லம்மா. அது குருத்தெலும்பு, படத்துல தெரியாது. எலும்பு நீளமாகறதே அந்த இடத்துலதான். வளர்ச்சி முடிஞ்சா அதுவும் எலும்பாகி மூடிக்கும்." இவளுக்கு இன்னும் மூடவில்லை. பிறந்தபோது படம் எடுத்திருந்தால் மணிக்கட்டில் எலும்பே தெரிந்திருக்காதாம். வளர வளரத்தான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுமாம். அந்தக் கையை நான் என் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தேன். என்னிடம் வயது கேட்கிறார்கள்.

பிறகு அறிக்கையைப் படித்தவர் முகம் சுளித்தார். "இத ஏம்மா பசங்க படத்தோட வெச்சுப் பாத்திருக்காங்க?" பெண் பிள்ளைகளுக்கு எலும்பு ஏறக்குறைய இரண்டு வருடம் முந்தியே முதிருமாம். அதனால் ஒப்பிட்டுப் பார்க்கும் படங்களும் பெண்ணுக்கு வேறு, ஆணுக்கு வேறு. ஃபுட்பால் பசங்க கட்டோடு இவள் படமும் போயிருக்கிறது. யாரும் பெயரைக்கூடப் பார்க்கவில்லை. பெண்களுக்கான படத்தோடு வைத்தால்? பதிமூன்று!

"அதுவும் முன்னபின்ன இருக்கும்மா. பொறந்த தேதிய எலும்பு சொல்லாது."

எலும்பு பொய் சொல்லாதாம்! பார்க்கிறவனுக்குக் கண் பிடரியில் இருந்தால் எலும்பு என்ன செய்யும்?

ஜூன் 14

இவர் எங்கள் கடைக்கே வந்து அவளுக்குப் புது ஷூ வாங்கினார். ஒரு அளவு பெரிதாகக் கொடுத்தேன். அதற்கு மட்டும் பேசினேன்.

ஜூன் 17, செவ்வாய்

டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததைச் செயலாளர் இரண்டு முறை படித்தார். தடை இல்லை, இடம் உண்டு. "சின்ன கவனக்குறைவு. மனசுல வெச்சுக்காதீங்கம்மா." சின்னதாம். என் பெண் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. நான் கிழி கிழியென்று கிழிக்க நினைத்து வாயைத் திறப்பதற்குள், "நல்லா தாண்டணும்" என்று அவளிடம் கை நீட்டினார்.

அவள் பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்து நீட்டினாள்.

"வலது கை குடும்மா."

"இல்ல சார். நீங்க இதைத்தானே நம்புனீங்க."

பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று நான்தான் அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. வெளியே வந்து, ரோட்டைத் தாண்டும் வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் உதறவில்லை.