மக்கபேயர் இல்லாத பைபிள்

என்னங்க,

நீங்கள் இருந்தபோது கூப்பிட்டது போலவே கூப்பிடுகிறேன். வேறு மாதிரி கூப்பிட எனக்கு வராது.

நீங்கள் போனபிறகு, இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் கல்லறைத் திருநாள் முதல்முறையாக வந்தது. மரக்காணத்தில் மழை விடவில்லை, உப்பளமெல்லாம் ஒரே தண்ணீர். சென்னையிலிருந்து நம் பிலிப்பு வந்திருந்தான். நம் கத்தோலிக்கக் கோயிலை விட்டு அவன் வேறொரு சபைக்குப் போவதுதான் உங்களுக்குத் தெரியுமே. முதல்நாளே சொல்லிவிட்டான்: "கல்லறைக்கு வர்றேம்மா, ஆனா ஜெபம் பண்ணமாட்டேன். செத்தவங்களுக்கு வேண்டிக்கணும்னு வேதத்துல எங்க இருக்குது?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னது நினைவிருந்தது. நம் பைபிளில் மக்கபேயர் இரண்டாம் நூலில், போரில் இறந்த தம் வீரர்களின் பாவம் தீரப் படைத்தலைவர் யூதா பலி செலுத்தச் செய்கிறார். "உன் பைபிளையே குடுடா, காட்டுறேன்" என்று வாங்கினேன். முன்னே புரட்டினேன், பின்னே புரட்டினேன், மக்கபேயரே இல்லை. "பக்கத்தைக் கிழிச்சிட்டியாடா?" என்று கத்திவிட்டேன். சிரிக்காதீர்கள்.

"கிழிக்கலம்மா. எங்க பைபிள்ல அது கெடையாது. நீங்கதான் சேர்த்துட்டீங்க."

"எது எது வேதம்னு உன் பைபிள்ல எந்தப் பக்கத்துல எழுதியிருக்குது?"

அவன் பைபிளை என் கையிலிருந்து வாங்கி மூடினான். இவைதான் இறைவாக்கு என்று நமக்கு முன்னால் விசுவசித்தவர்கள் காத்துக் கொடுத்ததால்தானே நமக்கே தெரியும்? நீங்கள் சொல்வீர்களே, "ஆண்டவர் புஸ்தகம் எழுதிக் குடுத்துட்டுப் போகல மேரி. ஆளுங்கள அனுப்பினாரு. அவங்க சொன்னாங்க, அப்புறம்தான் எழுதினாங்க" என்று. எழுதி வந்ததும் வாய்வழி வந்ததும் ஒரே ஊற்றிலிருந்துதான் என்று திருச்சபை சொல்வதும் அதைத்தானே?

வாதத்தில் ஜெயித்துவிட்டேன். ஆனால் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. அவனும் ஆண்டவரைத் தேடித்தானே அங்கே போனான்? பெற்ற மகனே உங்களுக்காக வேண்டிக்கொள்ளமாட்டான் என்றால் நாளைக்கு எனக்கு யார் இருக்கிறார்கள்? எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். பிலிப்பு உங்கள் மெழுகுவத்தி அணையாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றான். உங்களிடம் வந்ததும் சாமியார், இறந்தவர்களுக்காக ஒருவர் தொடங்க மற்றவர் முடிக்கும் நித்திய இளைப்பாற்றி ஜெபத்தின் முதல் பாதியைச் சொன்னார். மறுபாதி என் பக்கத்திலிருந்து கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அசல் உங்கள் குரல்.

சின்ன வயதில் அவனைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு இந்தக் கல்லறைத் தோட்டத்துச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் நீங்கள் முதல் பாதி சொல்வீர்கள், அவன் மறுபாதி சொல்வான். ஞாபகம் இருக்கிறதா?

"ஜெபம் பண்ணமாட்டேன்னு சொன்னியேப்பா?" என்று கேட்டேன்.

"இப்பவும் எனக்கு எதுவும் புரியலம்மா" என்று கண்ணைத் துடைத்தான். "ஆனா, அப்பாவோட பாதிய யாராவது சொன்னா, மீதிய நான்தானே சொல்லணும்?"

இனி அவனோடு வாதாடமாட்டேன், சத்தியம். அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் உங்களிடம் கூட்டிவருவேன். முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பிலிப்பின் அம்மா