உடைந்தும் விழாத கண்ணாடி

ஸ்மைலின்,

பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவத் திறந்ததும் மேல பாத்துப் பயப்படாத. காலையில நடுமுற்றத்துக் கண்ணாடிக் கூரையில தென்னையில இருந்து முத்திக் காஞ்ச நெத்துத் தேங்காய் விழுந்துட்டு. கண்ணாடி முழுக்க வலை மாதிரி விரிஞ்சு கிடக்கு. அதுக்கு நேர் கீழ பாயில நம்ம பிள்ள உறங்கிட்டு இருந்தா. அவளுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு அடுக்குக் கண்ணாடிக்கும் நடுவுல ஒட்டியிருக்கிற படலம் ஒரு துண்டக் கூட கீழ விடல்ல. பாய முழுக்க நான் கையால தடவிப் பாத்தேன். போன்ல சொன்னா நீ பதறிருவன்னுதான் எழுதி வைக்கேன்.

சாதாக் கண்ணாடி போதும்னு நான் மார்த்தாண்டத்துக் கடையில சொல்லிட்டு வந்தத, நீ எனக்குத் தெரியாம போன் பண்ணி இந்தப் படலம் வச்ச கண்ணாடியா மாத்தின. அதுக்காக மூணு வாரமா உனக்கு முகம் குடுத்துப் பேசல்ல. தேங்காய் வெட்ட ஆளக் கூப்பிடச் சொன்னதையும் வீம்புக்குக் கேக்கல்ல.

பிள்ள எங்க அம்மாகிட்ட இருக்கா. மரச்சீனிக் கிழங்கு அவிச்சு வச்சிருக்கேன், மீன்கறிய மட்டும் சூடாக்கு. தென்னை ஏறுத ஆள் அஞ்சு மணிக்கு வருவாரு. முற்றத்துப் பக்கம் நிக்காத. நான் கண்ணாடிக் கடைக்குப் போறேன். நீ சொன்ன அதே கண்ணாடிதான் மறுபடியும் போடணும்.

எட்சன்

பி.கு.: "எங்கிட்ட கேக்காம மாத்திட்டா"ன்னு இத்தன நாளும் அம்மாகிட்ட உன்னக் குத்தம் சொல்லிட்டு இருந்தேன். இன்னைக்குப் பிள்ளய அம்மா மடியில குடுத்துட்டு அதே வார்த்தையத்தான் சொன்னேன். இந்தத் தடவ குத்தமா இல்ல.