சொல்லாமல் குடித்த தண்ணீர்

15-2-74, வெள்ளி. சென்னைத் துறைமுகம்

காலையிலேயே வெயில். காற்றே இல்லை. சுங்கக் கொட்டகையில் வரிசை நகரவில்லை. அத்தையின் கருவாட்டு மூட்டையைப் பிரி, கட்டு, மறுபடி பிரி. அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா சார், இதுக்கே பொத்திக்கிற? வஞ்சிரம் சார். இந்த வாசன உன் வூட்டுல வந்தா பக்கத்து வூட்டுக்காரன் தட்ட எடுத்துகினு வந்து குந்துவான்."

காலமெல்லாம் கூடை தூக்கி மீன் விற்ற வாய். அதிகாரி சிரித்துவிட்டு முத்திரை போட்டார். மருமகன் நானும் கருவாட்டு வியாபாரிதான், என்னால் அப்படிப் பேசிக் காரியம் முடித்திருக்க முடியாது.

அத்தை கொண்டுவரும் சாமான்:
வஞ்சிரக் கருவாடு, மூட்டை.
அதிரசம், ஒரு டின். மகன் ஏழுமலைக்கு மட்டும். யாரும் தொடக்கூடாது.
பேரப்பிள்ளைகளுக்குச் சட்டை. அளவு தெரியாமல் தைத்தது.
அம்மன் கோயில் குங்குமம்.
வழிக்குத் தண்ணீர் குடிக்கப் பித்தளைச் சொம்பு. கப்பல் டம்ளரில் வாய் வைக்கமாட்டாளாம்.

பதினோரு மணி வாக்கில் திருப்போரூர் கோவிந்தன் எதிரில் வந்தான். பினாங்கில் தையல் கடை வைத்திருப்பவன். செவ்வாயன்று இதே கப்பலில் வந்து இறங்கியவன், சுங்கத்தில் நின்றுபோன பெட்டியை மீட்க வந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"இன்னாண்ணே, தந்தி வர்லயா? ஏழுமல பூட்டான்ணே. மாரடைப்பு. நான் கப்பல் ஏர்றதுக்கு மொத நாளுதான் எடுத்தோம்."

இரண்டு வாரமாக நாங்கள் சென்னை லாட்ஜில். விசா, ஊசி, டிக்கெட் என்று அலைச்சல். தந்தி வந்திருந்தால் செங்கல்பட்டில் பூட்டிய கதவுக்கு உள்ளே கிடக்கும்.

கூப்பிடு தூரத்தில் அத்தை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். வழியனுப்ப வந்த என் மனைவி தனம் தன் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அண்ணன் பார்க்கும்போது லட்சணமாக இருக்கவேண்டுமாம்.

எனக்கு முதலில் தோன்றியதை எழுதிவைக்கிறேன். இதை யாரும் படிக்கப்போவதில்லை. ஐயோ என்று தோன்றவில்லை. ஏழுமலை மூட்டை தூக்கிய பினாங்குக் கருவாட்டுக் கடைக்காரரிடம் இனி என்னை யார் கூட்டிக்கொண்டு போவார் என்று தோன்றியது. அடுத்து, அத்தை போகாவிட்டால் நானும் போகமுடியாது. மகனைப் பார்க்கப் போகிற கிழவிக்குத் துணை என்று சொல்லித்தான் எனக்கு விசா கிடைத்தது. கருவாட்டு ஏஜென்சி பிடிக்கப் போகிறேன் என்றால் கொடுத்திருக்கமாட்டார்கள்.

மூன்றாவதாகத்தான் ஏழுமலை முகம் வந்தது.

"கோவிந்தா, வாயத் தொறக்காத. அங்க போயி பேரப் புள்ளைங்கள கண்ணுல காட்டிட்டு நானே பதமா சொல்லிக்கிறேன்."

"தங்கச்சிக்கு?"

"தந்தியப் பாத்துத் தெரிஞ்சிக்கட்டும்."

கோவிந்தன் என்னைப் பார்த்தான். மீன் கெட்டுப்போச்சா என்று செவுளைத் தூக்கிப் பார்ப்போமே, அந்த மாதிரி. பெட்டியைத் தேடிப் போய்விட்டான்.

மூன்று மணிக்குக் கப்பல் நகர்ந்தது. தனம் முந்தானையை ஆட்டினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறப்பாள்.

16-2, சனி. நாகப்பட்டினம்

கப்பல் கரைக்கு வரவில்லை, தள்ளி நங்கூரம் போட்டு நின்றது. படகு படகாக வெங்காய மூட்டை, ஜனங்கள். பங்க் கிளாஸில் ஒருவர்மேல் ஒருவர் படுக்கை. எனக்குத் தலைசுற்றல், அத்தைக்கு ஒன்றும் இல்லை. "ஆடுதா? இதுவா ஆட்டம்? உன் மாமனாரு கட்டுமரத்துல ஒரு நாளு குந்திப் பாத்துக்கணும் நீ."

யாராவது இறங்குவதானால் இப்போது இறங்கலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இறங்கி பஸ் பிடித்தால் நாளை காலை செங்கல்பட்டு. அத்தை மகளைக் கட்டிக்கொண்டு அழலாம். ஊர் சனம் சுற்றி இருக்கும். காலி படகு ஏணியடியில் வெகுநேரம் ஆடிக்கொண்டே நின்றது. கம்பியைப் பிடித்தபடி நானும் நின்றேன். படகு போய்விட்டது. அப்பாடா என்று மூச்சு வந்தது.

அந்த மூச்சு வந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

திரும்பி வந்ததும் அத்தை சொம்பை நீட்டினாள். மடமடவென்று குடித்தேன். குடித்த பிறகுதான் உறைத்தது. எங்கள் குப்பத்தில் சாவு சொல்லப் போகிறவன், சொல்லி முடிக்கும்வரை அந்த வீட்டுத் தண்ணீரைத் தொடக்கூடாது. வாசலில் நீட்டிய சொம்பை ஒருத்தன் வேண்டாம் என்றால் போதும், அவன் வாய் திறக்கவே வேண்டாம், பெண்கள் மாரில் அடித்துக்கொள்வார்கள். விவரம் தெரியாத வயதில் நானே அப்படி ஒரு வாசலில் போய் நின்று தலையை ஆட்டியிருக்கிறேன். பிறகு கேட்ட கூச்சல் இன்றைக்கும் மறக்கவில்லை.

நேற்றிலிருந்து இவள் கையால் எத்தனை தடவை குடித்துவிட்டேன்.

17-2, ஞாயிறு

கடல் தகடு மாதிரி. வெயில் சுள்ளென்று.

பேச்சு ஏழுமலை பக்கம் போகும்போதெல்லாம் குறுக்கே ஒரு வேடிக்கையைப் போடவேண்டியிருக்கிறது. இன்று போட்டவை: பறக்கிற மீன் காட்டினேன். கேன்டீனில் கலர் வாங்கிக் கொடுத்தேன், மூக்கில் ஏறித் தும்மினாள். இஞ்சின் அறைக் கதவு வரை கூட்டிப்போனேன். பத்து மணிக்கு எல்லோருக்கும் லைப் ஜாக்கெட் மாட்டச் சொன்னார்கள்.

"மாப்ள, இன்னா இது, எருமைக்குப் பஞ்சு மெத்தயா?"

சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் அதை மாட்டிக்கொண்டே கரகம் ஆடுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினேன். தளத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். செங்கல்பட்டு பஜாரில் என்னைப் பார்த்தால் வேட்டியை இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே ஆரஞ்சுச் சட்டையில் இடுப்பை ஆட்டிக்கொண்டு. கிழவி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

இந்த நேரத்தில் தனம் தரையில் புரண்டுகொண்டிருப்பாள்.

மாலை தாயம். நாகூர் மரைக்காயர் ஒருவர், எங்களுக்கு எதிர்ப் படுக்கை. தளத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டார். சோழி அத்தையுடையது, மடியில் எப்போதும் இருக்கும்.

"அம்மா, நீங்க சோழிய உருட்டல. வைக்கிறீங்க."

"மீன கூறு கட்டின கையி பாய் இது. வச்சாலும் உருட்டினாமாரிதான் இருக்கும். வெட்டுறேன், காய எடு."

மரைக்காயர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "பெத்த புள்ள கூட இப்படி விழுந்து விழுந்து கவனிக்க மாட்டான் தம்பி. அல்லா உங்களை நல்லா வைப்பான்."

எழுந்து கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

18-2, திங்கள்

லேசாக மேகம். காலை நாஸ்தா உப்புமா, வாயில் வைக்க முடியவில்லை. மதியம் மீன் குழம்பு. அத்தை கப்பல் சமையல்காரப் பண்டாரியைக் கூப்பிட்டாள்.

"யப்பா, இது எந்த வருசம் செத்த மீனு?"

"பாட்டி, ஐஸ்ல வச்சது."

"ஐஸ்ல வச்சா பொணமும்தான் நல்லாருக்கும். அதத் துன்னுவியா நீ?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டைத் தள்ளிவிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் படுக்கைக்கு வந்ததும் அதிரச டின்னைத் திறந்தாள்.

"வாணாம் அத்த. ஏழுமலைக்கு."

"அவனுக்குதான் நெறைய கீதே. நீ நாலு நாளா காக்கா கணக்கா கொத்திகினு கீற. துன்னு."

கையில் வைத்தாள். தின்றேன். வெல்லம் தூக்கலாக, ஏழுமலைக்குப் பிடித்த பக்குவம். தொண்டையில் நின்றது. சொம்பில் தண்ணீர் எடுத்து நீட்டினாள். என் கை எழவில்லை. இது வேணும் என்று செய்ததல்ல. கை மடியிலேயே கிடந்தது.

சொம்பு நீட்டியபடியே நின்றது. அத்தை என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னா மாப்ள. சாவு சொல்ல வந்தவன் கணக்கா தண்ணி வாணாம்ங்கிற?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். முக்கால் விளையாட்டு. மீதிக் கால் அவள் கண்ணில் தெரிந்தது.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவே வேண்டாம், சும்மா இருந்திருந்தாலே போதும்.

பிடுங்கிக் குடித்தேன். ஒரு சொட்டு விடாமல். கவிழ்த்துக் காட்டினேன்.

"அதானே பாத்தேன்!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். "ஒரு நிமிசம் என் ஈரக்கொலய ஆட்டிட்டியே."

எடை கூட்ட எத்தனையோ தடவை கல்லைக் கலந்து விற்றிருக்கிறேன். ஈரக் கருவாட்டைக் காய்ந்தது என்று அச்சரப்பாக்கம் சந்தையில் தள்ளியிருக்கிறேன். பொய் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் தண்ணீரால் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை.

19-2, செவ்வாய்

மழைத் தூறல். தளத்தில் படம் போட்டார்கள், பழைய சண்டைப் படம், திரை நனைந்து கதாநாயகன் மூஞ்சியெல்லாம் நெளிந்தது. அத்தை எழுந்து நின்று "பின்னால வரான் பாரு, பின்னால!" என்று கத்தினாள்.

மதியம் சும்மா இருந்த நேரத்தில் கடைக்காரரிடம் என்ன பேசுவது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தேன். நெத்திலி, வாளை, சுறா. பாதியில் பார்த்தால் அடியில் எழுதியிருக்கிறேன்: "ஏ.மலை இறந்த துக்கத்தில் இருப்பதால் இரக்கப்பட வாய்ப்பு."

என் கையெழுத்துதான்.

கிழித்துக் கடலில் போட்டேன். காற்று திருப்பிக் கொண்டுவந்து தளத்திலேயே போட்டது. பொறுக்கி எடுத்து மறுபடி போடவேண்டியதாயிற்று.

20-2, புதன்

வானம் வெளுப்பு. நாளை விடிந்தால் பினாங்கு. எல்லோரும் துணி துவைத்துக் கம்பியில் காயப்போட்டிருக்கிறார்கள், கப்பல் முழுக்க சோப்பு வாசனை.

அத்தை புதுச் சேலையை எடுத்து மடிப்பு பிரித்து மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தாயத்துக்குக் கூப்பிட்டேன், வேண்டாம் என்றாள். பறக்கிற மீன் என்றேன், திரும்பவில்லை.

"மாப்ள, அவன் என்ன அடையாளம் கண்டுப்பானா?"

"கண்டுப்பான்."

"நான் அவன கண்டுக்கணுமே. போட்டோல தொப்பையா கீறான். போவும்போது ஒட்டடக் குச்சி." சேலையைக் கீழே வைத்தாள். "நீ தெனம் ஒரு கூத்து கட்டுறியே. இன்னிக்கு ஒண்ணு நான் சொல்றேன், கட்டு. நீதான் ஏழுமல. அங்க நில்லு, கம்பிகிட்ட. நான் படி எறங்கி வரேன். முன்னால பேசிப் பாத்துக்கினா நாளைக்கி அழுவாம இருப்பேன்."

மரைக்காயர் சிரித்துக்கொண்டே, "நில்லுங்க தம்பி" என்றார்.

நின்றேன். என்ன செய்திருக்கவேண்டும் என்று இப்போது தெரிகிறது. நின்றேன்.

அத்தை சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே, இல்லாத படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கி வந்தாள். எதிரில் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"வாடா. இத்தினி வருசம் ஆச்சா ஆத்தாளப் பாக்க? லெட்டர் போடுறதுக்குக் கையி செத்துப் பூட்ச்சா? உங்கப்பன் போன காரியத்துக்கு வந்தியாடா நீ? மூட்ட தூக்குறவன் லீவு கேட்டா தல போயிடுமா?" குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். பிறகு சட்டென்று இறங்கியது. "செரி, வுடு. இளைச்சிதான் பூட்ட. போட்டோல பொய்யி."

இரண்டு கையாலும் என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெரித்தாள். சொடக்கு விழுந்தது.

"அவ்ளோதான். இப்டிதான் பேசப் போறேன். நல்லா கீதா?"

"நல்லாருக்கு அத்த."

பேசிய களைப்பில் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கவில்லை.

"திரும்பவுமா?" என்றாள் சிரித்து. "போதும் மாப்ள உன் வெளையாட்டு. புடி."

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். தலையை ஆட்டினேன். அன்று அந்த வாசலில் ஆட்டிய மாதிரியேதான்.

சிரிப்பு அவள் வாயில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, எடுக்க மறந்த மாதிரி. பிறகு குனிந்து சொம்பைத் தளத்தில் வைத்தாள், சாயாமல், பார்த்து. நான் அவள் மகனாக நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"யாரு?" என்றாள்.